கிண்ணத்திற்குப் பெயருண்டு, குயவனுக்கு?

அழகிய பொருளைப் புகழ்வோர் பலர். அப்பொருளைச் செய்தவனை நினைப்போர் சிலர். செய்தவன் உண்டானா, உறங்கினானா, எழுத்தறிந்தானா என்று கேட்போரோ மிகச் சிலர். கலையைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் முதல் வகையாரால் முதல் வகையாருக்காகவே எழுதப்படுகின்றன. அது பற்றி நாம் வருந்துவதற்கில்லை. ஆனால், செய்தவனைப் பற்றியே பேச வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு நூல் வருமாயின், அதனை அவன் பக்கத்தில் நின்று படித்துப் பார்க்க நாம் உரிமையுடையோம்.

அத்தகைய நூலொன்று இன்று நம் படித்த இளைஞர் கைகளில் உலவுகின்றது. ஜப்பானிய அறிஞர் யானகி முனேயோஷி (1889–1961) பல்லாண்டுகளாக எழுதிய கட்டுரைகளை, அவருடைய நண்பரும் ஆங்கிலேயக் குயவருமான பெர்னார்ட் லீச் தொகுத்து, ஆங்கிலத்தில் தழுவி, 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'அறியப்படாத கைவினைஞன்' என்பது அதன் தலைப்பின் பொருள். மட்கலத் தொழில் பயில்வோர்க்கு உலகின் பல பகுதிகளில் அது ஏறக்குறைய வேதநூலாகவே ஆகிவிட்டது. ஒன்றை வேதம் என்று யாரேனும் சொன்னவுடன் அதைத் திறந்து பார்த்துவிட வேண்டுமென்று தோன்றுவது நமக்குப் பழக்கம். ஆதலின் திறந்தோம்.

ஜொகூர்த் தமிழர்க்கும் ஜப்பானியக் குயவர்க்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். ஜப்பான் என்னும் பெயர் நமக்கு வெறும் கலைப்பெயர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜொகூரில் ஜப்பானியர் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பத்து பகாட்டை அடுத்த ஸ்ரீ மேடானில் அவர்கள் வெட்டிய இரும்புக்கல் கப்பலேறி யவாத்தா உருக்காலைக்குச் சென்றது. 1941 டிசம்பரில் படை வந்தது. 1942இலும் 1943இலும் நம் தோட்டங்களிலிருந்து ஆண்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. எனவே ஜப்பானிய அழகைப் பற்றிய நூலைக் கையில் எடுக்கும்போது நம் கை சற்றுத் தயங்குவது இயற்கையே. ஆயினும், பாதை போட ஆணையிட்டவனும் மலையடியில் மண் பிசைந்தவனும் ஒருவரல்லர் என்பதை மறப்போமாயின், நாம் பகுத்தறிவு பேசுவதிற் பயனில்லை. பின்னவனைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

நூலின் கொள்கை

முதலில் நூலாசிரியர்க்கு உரிய நன்றியைச் செலுத்திவிடுவோம். யானகி ஒரு கடற்படைத் தளபதியின் மகன். பிரபுக்களின் மக்கள் பயின்ற பள்ளியிற் படித்தவர். தோக்கியோப் பல்கலைக்கழகப் பட்டதாரி. அத்தகைய ஒருவர், அரண்மனைப் பேழைகளிலிருந்து கண்ணைத் திருப்பி, ஏழையின் அடுப்பங்கரையைப் பார்த்தார். ஊறுகாய்ச் சாடி, எண்ணெய்த் தட்டு, தேநீர்க் கெண்டி ஆகியவற்றை எடுத்து, "இவையும் கலை, இவையே கலை" என்னும் கருத்தை நிறுவினார். 1925இல் தம் நண்பர்களான ஹமடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகிய குயவர்களோடு சேர்ந்து, 'மக்கள் கைவினை' என்னும் பொருள்பட 'மிங்கெய்' என்ற சொல்லைப் படைத்தார். 1936இல் தோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். இதனினும் பெரிது ஒன்றுண்டு. கொரியா ஜப்பானின் காலடியிற் கிடந்த காலத்தில், 1919ஆம் ஆண்டு விடுதலைக் கிளர்ச்சியை அரசு அடக்கியபோது, அடக்கப்பட்ட மக்களுக்காக அவர் எழுதினார். 1924இல் சியோல் நகரிலேயே கொரிய மக்கள் கலைக்கு ஒரு காட்சியகம் கண்டார். இவை சிறிய செயல்கள் அல்ல.

இனி அவர் கொள்கை. உயர்ந்த அழகு தானே வருவது. தேடிச் செல்பவனுக்கு அகப்படாதது. 'நான்' என்னும் எண்ணமுடைய கலைஞன் அதை அடைவது அரிது. 'நான்' என்பதையே அறியாத தொழிலாளி அதை எளிதில் அடைகின்றான். அவன் கற்றவன் அல்லன். பெயர் பொறிப்பவன் அல்லன். மரபு காட்டிய வழியில், ஒரே உருவத்தை ஆயிரம் முறை செய்பவன். அந்த ஆயிரம் முறையில் அவன் கை அவனை மறந்துவிடுகின்றது. அமிதாப புத்தரின் பெயரை ஓதும் பாமரன் தன் முயற்சியாலன்றி அருளால் கரையேறுவது போல, இக்குயவனும் தன் ஆற்றலாலன்றி மரபின் அருளால் அழகை எய்துகின்றான்.

கேட்பதற்கு இனிய கொள்கையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கொள்கையில் குயவனுடைய வறுமை குறையன்று, அழகுக்குத் துணை. அவனுடைய எழுத்தறியாமை இழிவன்று, தூய்மைக்குக் காவல். அவன் பெயர் இல்லாமற் போனது அநீதியன்று, அருள். இம்மூன்றையும் நாம் வேறோரிடத்திற் கேட்டிருக்கின்றோம். எங்கே என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

கிண்ணத்தின் வரலாறு

கொள்கையைக் கொள்கையால் மறுப்பதைவிட வாழ்க்கையால் சோதிப்பது நன்று. யானகி எடுத்துக்காட்டிய பொருளையே எடுப்போம். கியோத்தோ நகரில் தைத்தோக்குஜி என்னும் பெரிய மடத்தைச் சார்ந்த கோஹோ-ஆன் என்ற சிறுகோயிலில் ஒரு கிண்ணம் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் கொரியாவிற் செய்யப்பட்டது. பழுப்பு மஞ்சள் நிறம், வெடிப்போடிய பளபளப்பு, சற்றே கோணிய வட்டம். ஜப்பானியர் தேநீர்க் கிண்ணங்களுள் இதனினும் சிறந்தது இல்லை என்று முன்னோர் முடிவு செய்தனர். அது இன்று அந்நாட்டின் தேசியச் செல்வம். 1931இல் யானகி அதைக் கண்டார். கண்டு எழுதிய கட்டுரைதான் அவர் நூலின் உயிர்நாடி. இஃது ஏழைக் கொரியன் ஒருவன் சோறுண்ணச் செய்த மலிவான கலம் என்பதும், அழகை எண்ணாமற் செய்ததாலேயே அழகானது என்பதும் அவர் கண்ட முடிவு. இக்காலத்து ஆய்வாளர் சிலர் அது சோற்றுக் கலமென்பதை ஏற்பதில்லை. அவ்வழக்கு இங்கு வேண்டா.

அக்கிண்ணத்தின் பெயர் என்ன? 'கிசாயெமோன்'. கிசாயெமோன் யார்? செய்த குயவன் என்று வாசகர் நினைப்பீராயின் ஏமாந்தீர். தக்கேதா கிசாயெமோன் என்பவன் அதை வைத்திருந்த ஓசக்கா வணிகன். பின்னர் மட்சுதைரா ஃபுமாய் என்னும் சிற்றரசர் 550 பொன் காசு கொடுத்து வாங்கினார். வாங்கியவர்க்குக் கட்டி வந்ததாம். அவர் மகனுக்கும் கட்டி வந்ததாம். கிண்ணத்தின் சாபமே காரணம் என்று அஞ்சி, வீட்டார் அதை அக்கோயிலுக்குக் கொடுத்துவிட்டனர். பொருளுக்கு அஞ்சுவதும், அஞ்சியதைக் கோயிலில் கொண்டுபோய் விடுவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய மூடநம்பிக்கை அன்று என்று அறிந்து ஒருவாறு ஆறுதல் அடையலாம்.

ஆனால் நாம் கருதுவது அதனையன்று. வைத்திருந்தவன் பெயர் தெரியும். வாங்கியவர் பெயர் தெரியும். விலை தெரியும். கட்டி வந்த கதை வரையில் தெரியும். செய்தவன் பெயர் மட்டும் தெரியாது. இதில் அருள் எங்கே இருக்கின்றது? எழுதுகோல் எவன் கையில் இருந்ததோ அவன் பெயர் நின்றது; சக்கரம் எவன் கையில் இருந்ததோ அவன் பெயர் மறைந்தது. அவ்வளவே.

வாள் கொண்டு வந்த கைத்தொழில்

அக்காலத்துக் கொரியக் குயவர்களின் கதி என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1592 முதல் 1598 வரை ஜப்பானியத் தலைவன் ஹிதெயோஷி கொரியாவின்மேற் படையெடுத்தான். திரும்பிய தளபதிகள் பொன்னோடு குயவரையும் கப்பலேற்றி வந்தனர். அதனால் அப்போருக்கு 'மட்கலப் போர்' என்ற பெயரும் ஏற்பட்டது. கியூஷுத் தீவின் பெருஞ்சூளைகள் பல அவ்வாறு பெயர்த்து வரப்பட்டோரால் எழுந்தவை. 1616 அளவில் அரித்தாவில் வெண்களிமண்ணைக் கண்டு ஜப்பானின் முதற் பீங்கானைச் செய்தவர் என்று மரபு கூறும் யீ சாம்-பியோங் அவருள் ஒருவர்.

அவரையேனும் பெயரால் அறிவோம். அதே அரித்தாவில் ஒரு பெண்ணும் இருந்தார். கணவர் இறந்தபின், தம்மோடிருந்த கொரியக் குயவர் ஏறத்தாழ 900 பேரை அழைத்து வந்து குடியமர்த்தி, தொழிலை நடத்தி, 1656இல் தம் 96ஆம் வயதில் இறந்தார் என்பர். அவர் நினைவாக வழிவந்தோர் கல் நாட்டினர். பெக் பா-சொன் என்று இன்று அவரை அழைக்கின்றனர். அஃது இயற்பெயரன்று, 'நூறாண்டு கண்ட பாட்டி' என்னும் கருத்துடைய சிறப்புப் பெயர். தொள்ளாயிரம் பேருக்குத் தலைமை தாங்கியவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாது? தெரியாது.

சத்சுமாவில் நயெஷிரோகவா என்னும் சிற்றூரில் குடியமர்த்தப்பட்ட கொரியர் நிலை இன்னும் விந்தையானது. அவர்கள் கொரியப் பெயரையும் பழக்கங்களையும் விடக்கூடாது என்பது ஆண்டவன் கட்டளை. ஊரை விட்டு விருப்பம்போற் செல்லவும் இயலாது. பிறப்பு ஒரு தொழில். தொழில் ஓர் ஊர். ஊர் ஒரு வேலி. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இவ்வேலி நின்றது. அவ்வூர்ச் சின் ஜுக்கான் மரபினரின் கலங்கள் 1873இல் வியன்னாக் கண்காட்சியிற் புகழ் பெற்றன. பதினைந்தாம் தலைமுறையினர் இன்றும் தொழில் செய்கின்றனர். அதே ஊரில் 1882இல், பாக் என்னும் கொரியக் குடிப்பெயரோடு பிறந்த ஒரு குழந்தை, தந்தை ஜப்பானியக் குடிப்பெயரொன்றை வாங்கியதனால் தோகோ ஷிகெனோரி ஆயிற்று. 1941 டிசம்பரில், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோது, அந்நாட்டின் அயலுறவு அமைச்சர் அவரே. சிறைப்பட்டு வந்த குயவரின் வழித்தோன்றல், நம் நாட்டைச் சிறைப்படுத்திய அரசில் அமைச்சர்! அவர் போரைத் தவிர்க்க முயன்றவர் என்பதையும் சொல்லவேண்டும். பெயரை மாற்றிக்கொண்டாலன்றி ஏறமுடியாத படியை அவர் ஏறினார். அப்படியை அமைத்தவரையே நாம் குறை கூறுகின்றோம்.

பெயரின்மையை அருளின் பயனாகக் காட்டும் கொள்கைக்கு இவ்வரலாறு விடை கூற இடந்தரவில்லை. வாளின் பயனாகவும் பெயர் அழிவதுண்டு.

தந்தை சக்கரத்தில், மகள் மண்ணில்

போர்க்காலம் போகட்டும், அமைதிக்காலத்துக் குயவன் வாழ்க்கையைக் காண்போம்.

கியோத்தோவின் ராக்குக் குடும்பம் பெருமைக்குரியது. 1589இல் இறந்த சோஜிரோ முதல் 2019இல் பட்டமேற்ற பதினாறாம் தலைவர் வரை ஒரே குடிவழி. தலைமுறைக்கு ஒருவரே அப்பெயரைத் தாங்குவர். புகழுடைய வீட்டில் இது பட்டம்; புகழில்லாத வீட்டில் இதுவே விலங்கு.

கியூஷு மலைகளுக்கிடையே ஒண்டா என்னும் குயவர் ஊர் உள்ளது. 1705இல் தொடங்கிய சூளை. ஓடை நீர் நிரம்பியும் கவிழ்ந்தும் தூக்கும் மர உலக்கைகள் இரவும் பகலும் களிமண் இடிக்கின்றன. நம் ஊரின் ஏற்றத்தையும் உலக்கையையும் ஒன்றாகக் கட்டியது போன்ற பொறி அது. 1931இல் யானகி அங்குச் சென்று, தாம் தேடிய உலகைக் கண்டதாக மகிழ்ந்தார். 1954இல் லீச் சென்று தங்கினார். அதன்பின் பிரையன் மோரன் என்னும் மானிடவியலார் அவ்வூரிலேயே வாழ்ந்து, கணக்கெடுத்து, 1984இல் ஒரு நூல் எழுதினார். யானகியின் நூலைப் படிப்போர் அதனையும் உடன் படிக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஏனெனில் முன்னது கலத்தைப் பார்க்கின்றது. பின்னது குடும்பத்தைப் பார்க்கின்றது.

அங்கே தெரிவது யாது? பத்து வீடுகள் அளவே தொழில் செய்யலாம். வீட்டிற்கு மூத்த மகனே வாரிசு. இளையவன் ஊரை விட்டுச் செல்லவேண்டியதே. சக்கரத்தில் அமர்பவர் ஆடவர். மண்ணைக் கரைத்து, வடித்து, உலர்த்திப் பதப்படுத்துவோர் பெண்டிர். கலத்தில் எவர் பெயரும் இல்லை என்று உலகம் வியக்கின்றது. ஆயினும் அப்பெயரில்லாதவருள்ளும் ஆடவன் 'குயவன்' எனப்படுகின்றான், பெண்ணோ 'குயவன் மனைவி'. புகழ் வந்தபின் விலையும் வந்தது. விலை வந்தபின் வீட்டுக்கு வீடு ஏற்றத்தாழ்வும் வந்தது. பழைமை மாறக்கூடாது என்று வெளியூர் அன்பர்கள் வந்து அறிவுரை கூறினர். தாம் நகரத்து வீட்டில் மின்விளக்கேற்றிக்கொண்டு, மலையூரான் மட்டும் பாட்டன் காலத்தில் நிற்கவேண்டும் என்று விரும்பும் அன்பு எத்தகைய அன்பு? 1995இல் அரசு அவ்வூர்த் தொழிலைத் தேசியப் பண்பாட்டுடைமையாக அறிவித்தது. சிறப்புத்தான். ஆனால் உடைமையானது தொழில். தொழிலாளி என்ன ஆனான் என்பதையும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

தோக்கியோவிற்கு வடக்கே மஷிக்கோ என்னும் ஊர், 1853இல் தொடங்கிய சூளைகளால் நகரத்து அடுப்பங்கரைகளுக்குச் சாடியும் கெண்டியும் அனுப்பி வாழ்ந்தது. அங்கே மினாகவா மாசு என்ற பெண் இருந்தார். 1874இற் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பத்து வயது முதல் தேநீர்க் கெண்டிகளின்மேல் மலையும் நீரும் மரமும் வரைவது அவர் வேலை. நாளொன்றுக்கு 500 முதல் 1,000 கெண்டிகள் வரை வரைவார் என்பர். மிங்கெய் இயக்கத்தார் அவரைக் கண்டு வியந்தனர். தன்னை மறந்த கைக்கு இவரே சான்று என்றனர். ஓவியம் அழகியதே, நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கெண்டிக்கு ஒரு நிமிடமே ஆயினும், 600 கெண்டிக்குப் பத்து மணி நேரம். பத்து வயதுச் சிறுமியாய் அவ்வேலையில் அமர்ந்தவர் கிழவியான பின்னும் அதனையே செய்தார். இதனைத் தன்னை மறந்த நிலை என்று சொல்வதா? தன்னை நினைப்பதற்கு நேரம் கிடைக்காத நிலை என்று சொல்வதா? அவரைக் கேட்டவர் யார்?

மற்றொன்று. பெண் சூளையருகே வந்தால் தீட்டு, கலம் வெடிக்கும் என்னும் நம்பிக்கை ஜப்பானின் பல குயவர் ஊர்களில் இருந்தது. 1936இற் பிறந்த கோயாமா கியோக்கோ என்பவர் ஷிகராக்கியில் அத்தடையை மீறித் தாமே சூளையிட்டு, தீயும் சாம்பலும் தரும் இயற்கைப் பளபளப்பை மீட்டு, புகழ் பெற்றார். கலம் வெடிக்கவில்லை, மூடநம்பிக்கைதான் வெடித்தது. அவர் வாழ்க்கை 2005இல் திரைப்படமாயிற்று.

கல்வி அழகைக் கெடுக்குமா?

இங்கே ஓர் அன்பர் இடைமறிக்கலாம். "படிப்பும் பெயராசையும் வந்தால் அந்தப் பழைய எளிமை போய்விடுமே! கலம் கெட்டுவிடுமே!" என்று அவர் கவலைப்படுவார். அவர்க்கு விடை, யானகியின் இரு தோழர்களே. ஹமடாவும் கவாயும் எழுத்தறியாதவர்களா? இருவரும் தோக்கியோ உயர் தொழிற்பள்ளியில் மட்கல விஞ்ஞானம் பயின்றவர். பின்னர்க் கியோத்தோ நகரத்து ஆய்வுச்சாலையில் அமர்ந்து, ஆயிரக்கணக்கான பூச்சுக் கலவைகளைச் சுட்டுச் சோதித்தவர். ஹமடா 1920இல் லீச்சோடு இங்கிலாந்து சென்று அங்குச் சூளை கட்டினார். திரும்பி வந்து மஷிக்கோவைத் தாமே தேர்ந்து குடியேறினார். 'தேர்ந்து' என்னும் சொல்லை வாசகர் அடிக்கோடிட வேண்டுகின்றோம். கற்றார், உலகம் கண்டார், பின்னர் எளிமையை விரும்பி ஏற்றார். அவர் கலங்கள் கெட்டுப் போயினவா? 1955இல் அரசு முதன்முதலாக அறிவித்த 'வாழும் தேசியச் செல்வங்கள்' வரிசையில் அவர் பெயர் இருந்தது. ஆகவே கல்வி கலத்தைக் கெடுக்கவில்லை என்பதற்கு யானகியின் இயக்கமே சான்று.

ஹமடா தம் கலங்களில் பெயர் பொறிப்பதில்லை. நற்பண்பே. ஆயினும் கலத்தை வைக்கும் மரப்பெட்டியின்மேல் அவர் கையெழுத்து இருக்கும். விலை அப்பெட்டியையும் பார்த்தே ஏறும். உள்ளவன் பெயரைத் துறப்பது துறவு. இல்லாதவன் பெயரின்றி இருப்பது வறுமை. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்வது நேர்மையன்று. கவாய் மட்டும் இதனை உணர்ந்தவர் போலும். அரசு அளிக்க வந்த அப்பட்டத்தையும் பிற விருதுகளையும் வேண்டாமென்று மறுத்து, குயவனாகவே 1966இல் இறந்தார். அவரை நாம் வணங்குகின்றோம்.

நம் வீட்டுக் கதை

யானகியின் மூன்று முடிவுகளையும் வேறோரிடத்திற் கேட்டிருக்கின்றோம் என்றோம். அது நம் நாடே. அவனவன் குலத்தொழிலை அவனவன் பயனெண்ணாது செய்வதே மேன்மை என்னும் உபதேசம் நமக்குப் புதிதா? குயவன் மகன் குயவன். மண்ணே அவனுக்குக் கல்வி என்பது நாம் கேளாத பாட்டா? 1953இல் சென்னை மாகாணத்தில், பள்ளியில் அரைநேரம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு கல்வித்திட்டம் கொண்டுவரப்பட்டதும், குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்துப் போராடியதும், 1954இல் அது கைவிடப்பட்டதும் வரலாறு. 2023இல் இந்திய ஒன்றிய அரசு, குயவர் உள்ளிட்ட 18 தொழிலார்க்கென விஸ்வகர்மா திட்டத்தை வகுத்து, குடும்ப வழித் தொழிலை அதில் அடிப்படையாக வைத்தபோது, அந்நிபந்தனை ஆகாதென்று தமிழ்நாட்டரசு 2024இல் மறுத்ததும் அதே காரணம் பற்றியே. கைத்தொழிலுக்கு எவரும் பகைவரல்லர். தொட்டிலிலேயே தொழிலைக் கட்டிவிடுவதற்கே பகைவர்.

பெயர் மறைந்த கதையும் நம்மிடம் உண்டு. புறநானூற்றில், இறந்த மன்னனுக்குத் தாழி வனையும் குயவனை விளித்துப் புலவர் பாடுகின்றார். மன்னன் பெயர் தெரியும். புலவர் பெயர் தெரியும். தாழி வனைந்தவன் பெயர் இல்லை. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானையோடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்டுள்ளன. தமிழன் எழுத்தறிவுக்கு அவை பெருஞ்சான்று. ஆனால் அவற்றுட் பல, சுட்டபின் கீறியவை. கலத்தை உடையவர் பெயர்கள் என்பது அறிஞர் கருத்து. கிசாயெமோன் நம் ஊரிலும் இருந்திருக்கின்றான்!

இவ்விருளில் ஒரு விளக்கு வெண்ணிக் குயத்தியார். கரிகாலன் வெண்ணிப் போரில் வென்று நின்றபோது, அவன் முகத்தெதிரே, உன்னினும் தோற்று வடக்கிருந்தவன் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தமைய, ஒரு பெண் பாடினார். குயவர் குடிப்பெண். அவருக்கு எழுத்தும் இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. 'தன்னை மறந்த பாமரர்' என்னும் சிமிழுக்குள் அவரை அடைக்க எவராலும் ஆகாது. ஆயினும் அவர் பெயர் என்ன? வெண்ணி ஊர்ப்பெயர், குயத்தி தொழிற்பெயர். தமிழுக்குப் பாட்டுத் தந்தவரின் சொந்தப் பெயரைத் தமிழ் வைத்துக்கொள்ளவில்லை. அரித்தாப் பாட்டியும் வெண்ணிக் குயத்தியும் உடன்பிறந்தார் எனலாம்.

மங்கு

இனி ஜொகூருக்குத் திரும்புவோம். குளுவாங்கிலிருந்து பத்து பகாட்டுக்குச் செல்லும் வழியில் ஆயர் ஈத்தாம். சாலையோரமெங்கும் பூச்சாடியும் பீங்கானும் அடுக்கிய கடைகள். அதற்கருகே மாச்சாப்பில், சீனத்துத் தியோச்சியூ நாட்டிலிருந்து வந்த ஆவ் எங் குவாங் என்னும் குயவர் நிறுவிய சூளை புகழ்பெற்றது. சரிவில் நீண்டு படுத்த பாம்பு போன்ற அச்சூளையைச் சீனர் 'டிராகன் சூளை' என்பர். தாழ்ந்த முனையில் தீ மூட்டி, பக்கத்துளைகளின் வழியே விறகிட்டுக் கொண்டே மேல்நோக்கிச் செல்லவேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து தீயின் நிறத்தைக் கண்ணாலேயே அளக்கும் வேலை அது. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இற் கட்டப்பட்ட சூளையும் இவ்வினத்தது.

இச்சூளைகள் தொடக்கத்தில் எதைச் செய்து வாழ்ந்தன? தேநீர்க் கிண்ணமா? இல்லை. மங்கு! ஆம், நம் தாயும் பாட்டியும் கித்தா மரத்திற் கம்பியில் மாட்டிய அதே பால் மங்கு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டி, நிரை நிரையாய் நானூறு ஐந்நூறு மரம் சீவி, ஒவ்வொன்றிலும் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைத்து, பின் வெயிலேறப் பாலெடுத்து, ஒட்டிய பாலை உரித்துக் கவிழ்த்த கை நம்முடையது. அதனை வனைந்து சுட்ட கை சீனத் தொழிலாளியுடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒரே மங்கின் இருபுறமும் இருவர் விரற்பட்டது.

யானகியின் இலக்கணத்தை இங்கே வைத்துப் பாருங்கள். மலிவு உண்டு. பயன் உண்டு. ஒரே உருவம் இலட்சக்கணக்கில் உண்டு. அணி இல்லை, பெயர் இல்லை, செய்தவன் செல்வனல்லன், எடுத்தவளும் செல்வியல்லள். அவர் கொள்கைப்படி இதனினும் தூய அழகு கிசாயெமோனுக்கும் இல்லை. பின் ஏன் இதற்கு 550 பொன் கொடுப்பார் இல்லை? ஏனெனில் இதனைக் கையிலேந்தி ஞானம் பேசப் பெரியவர் எவரும் வரவில்லை. பெரியவர் கண்பட்டால்தான் ஏழையின் கலம் அழகாகுமென்றால், அழகைத் தந்தது குயவனின் தூய்மையா, பெரியவரின் கண்ணா? இக்கேள்விக்கு விடை நூலில் இல்லை.

பின்னர்ப் பிளாஸ்டிக் மங்கு வந்தது. கித்தாக் காடு அழிந்து செம்பனை வந்தது. தோட்டத் தமிழர் நகர்ப்புறம் சிதறினர். சூளைகள் பூச்சாடிக்கும் அலங்காரக் கலத்திற்கும் மாறின. மங்கு மண்ணுக்குள் போயிற்று. நாம் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. அவ்விளக்கும் அவ்விருட்டும் திரும்ப வரவேண்டுமென்று எவரேனும் பாடினால், அவர் ஒருநாளும் மரம் சீவாதவர் என்று துணிந்து சொல்லலாம்.

முடிவுரை

யானகியின் நூலைத் தள்ளிவிடுங்கள் என்பது நம் கருத்தன்று. படியுங்கள். எளிய கலத்தில் அழகு காணும் கண்ணை அவரிடமிருந்து பெறுங்கள். ஆனால் கலத்திலிருந்து கண்ணையெடுத்துக் கையைப் பாருங்கள். கையிலிருந்து முகத்தைப் பாருங்கள். முகத்தைப் பார்த்தவுடன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "உம் பெயர் என்ன?" என்பது. அந்தக் கேள்வியைத்தான் நூல் கேட்க மறந்தது.

மஷிக்கோவில் இன்று குயவர் வீட்டிற் பிறவாதவரும், பெண்டிரும், வெளிநாட்டாருங்கூட வந்து கற்றுத் தொழில் செய்கின்றனர். அதனால் மஷிக்கோ அழியவில்லை; வளர்ந்தது. விரும்பியவர்க்குத் தொழில், விரும்பாதவர்க்கு விடுதலை, இருவர்க்கும் கல்வி: இதுவே நாம் வேண்டும் மரபு.

நம் இளைஞர்க்கு ஒரு சிறு வேலை சொல்லி முடிப்போம். வெடித்த ஜப்பானியக் கிண்ணத்தின் படத்தைச் சுவரில் மாட்டுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாமுக்குச் செல்லுங்கள். சூளையில் முதிய தொழிலாளி இருப்பாராயின், எந்த ஊர், யாரிடம் கற்றார், நாளுக்கு எத்தனை வனைந்தார், என்ன கூலி பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள். திரும்பி வந்து, வீட்டில் மரம் சீவிய பாட்டி இருப்பாராயின், அவரையும் அவ்வாறே கேட்டு எழுதுங்கள். இரண்டு தாளின் தலைப்பிலும் அவரவர் பெயரை முழுமையாக எழுதுங்கள். வெண்ணிக் குயத்தியார்க்கு நாம் செய்யத் தவறியதை அவர்களுக்கேனும் செய்வோம்.